விசில் வராத குக்கர்

முதலில் நான் சந்தேகப்பட்டது ஃப்ரிட்ஜை.

ஒரு விடுமுறைக் காலை. பல நாள் படுத்திய ஜலதோஷம் விட்டுப்போயிருந்தது. எழுந்ததும் வீட்டில் எங்கேயோ ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, விடாத, ஒரே சீரான சத்தம். குக்கரில் ஆவி கூடிக்கூடி, இதோ விசில் அடிக்கப்போகிறது என்று நாம் அடுப்புப் பக்கம் கையை நீட்டுவோமே, அந்த நேரத்துச் சீற்றம். விசில் மட்டும் வரவில்லை. ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், வாட்டர் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போய், கடைசியில் மெயினையே அணைத்துவிட்டேன். கரண்டே இல்லாத வீட்டில் அது முன்னைவிட நன்றாகக் கேட்டது.

என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"உங்களுக்குக் கேக்கலையா?"

"எது?"

"இந்த உய்...ங்கிறது."

தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "கீழ நாய் குலைக்குது. மேல ஃப்ளைட் போகுது. உய்யெல்லாம் ஒண்ணும் இல்ல."

இரண்டு காதையும் விரலால் அடைத்துப் பார்த்தேன். சத்தம் இன்னும் பக்கத்தில் வந்தது. அப்போதுதான் புரிந்தது, அது வீட்டில் இல்லை, என் தலைக்குள் இருக்கிறது என்று. மெயினைப் போட்டுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு எப்போதும் ஒன்பதாம் வகுப்புதான் கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்போடு ஒரு முழுநாள் இருந்து பார்த்தவர்களுக்குச் சத்தமில்லாத இடத்தின் அருமையை நான் விளக்கவேண்டியதில்லை. போகும்போது ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன், வரும்போது ஷேர் ஆட்டோவின் குத்துப்பாட்டு, நடுவில் பிள்ளைகள். எனக்கென்று இருந்தது காலையில் ஒரு அரைமணி நேரம். எங்கள் வீடு செம்பாக்கம் ஏரியைப் பார்த்த மூன்றாவது மாடி. பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. விடிகிற நேரத்தில் டீயோடு அதில் போய் உட்காருவேன். ஏரியில் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் நீந்தும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் ஜெபம்கூடச் செய்வதில்லை. கடவுளுக்கும் அரைமணி ஓய்வு கொடுத்துவிடுவேன். அதை வைத்துக்கொண்டுதான் மீதி நாளை ஓட்டினேன்.

அந்த அரைமணியைத்தான் இந்தக் குக்கர் பிடுங்கிக்கொண்டது. வகுப்பில் அது தெரியாது. ரோட்டில் தெரியாது. எங்கே அமைதி இருக்கிறதோ அங்கே எனக்கு முன்பாகப் போய் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். பால்கனியில் இரண்டு நிமிஷம் இருக்க முடியாமல் உள்ளே வந்து டிவியைப் போடுவேன். விடியற்காலையில் நகை விளம்பரம் பார்க்கிற பெண்ணாக நான் ஆவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

தாம்பரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அந்தக் கூண்டு மாதிரி நிசப்தமான இடத்தை நான் பார்த்ததே இல்லை. ஆகவே அங்கே குக்கர் ஆனந்தமாகச் சீறியது. நான் பட்டனில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. டெஸ்ட் எடுத்த பெண் வெளியே வந்து, "மேடம், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள்.

"உங்க காது உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றார் டாக்டர்.

"அப்போ சத்தம்?"

"அது மூளை தானா போடற சத்தம். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நிக்கலாம், நிக்காமலும் இருக்கலாம். பழகிக்கணும். ரொம்ப அமைதியான இடத்துல உக்காராதீங்க. ஒரு ஃபேனாவது ஓடட்டும்."

வெளியே வந்து, மார்க்கெட் ஓரத்தில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அழுதேன். சாகிற வியாதி இல்லை என்று தெரியும். ஆனாலும் அமைதியான இடத்தில் உட்காராதே என்று என்னிடம் சொன்னால் நான் வேறு எங்கே போய் உட்காருவது? என் கணவர் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார். பிறகு எதிர்க்கடைக்குப் போய் ஒரு டேபிள் ஃபேனோடு வந்தார். வீடுவரை அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவர் காற்று பட்டால் தும்முகிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு ஃபேன் இரண்டாம் நம்பருக்கு மேல் ஓடியதில்லை. சித்திரை வெயிலில்கூட நான் அட்டையால் விசிறிக்கொண்டு கிடந்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவர் அன்றிலிருந்து டேபிள் ஃபேனை முழுவேகத்தில் வைத்தார். மங்கி குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு, முகத்தில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரியப் படுத்துத் தூங்கினார். காலையில் நான் பால்கனிக்குப் போனால், எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஃபேனோடு வருவார். ஃபேன் சத்தத்தில் குக்கர் கொஞ்சம் அமுங்கும். ஏரியும் அமுங்கும். நாமக்கோழிகள் வாயசைப்பது மட்டும் தெரியும்.

எனக்குக் காதில் கோளாறு என்று தெரிந்ததும் செம்பாக்கமே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தது. கோவளம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கும்போதே கேட்பார்.

"இன்னா டீச்சரம்மா, காது இன்னும் கத்திகினு கீதா?"

"கத்திக்கிட்டுதான் இருக்கு."

"பூண்டு போட்டு நல்லெண்ண காய்ச்சி ரெண்டு சொட்டு வுடு. எங்க வூட்டுக்காரருக்கு இப்டிதான் கத்திகினு இருந்துச்சு. வுட்டேன். இப்ப ஒரு சத்தமும் கேக்கறதில்ல."

"நிஜமாவா?"

"நான் கூப்ட்டாகூடக் கேக்கறதில்ல."

காதில் எண்ணெய் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வாசனைக்காவது இருக்கட்டும் என்று காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மிஸ் சாப்பாட்டில் இன்று ரசம் என்று பின்பெஞ்சு முடிவு செய்தது. குக்கர் அசையவில்லை.

மேல்வீட்டு அக்கா குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போய்வந்து, எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்காக வெள்ளியில காது வாங்கி உண்டியல்ல போட்டேன்."

"எந்தக் காதுங்க? எனக்கு இடது காதுதானே அதிகம்."

"அது யோசிக்கல. நல்லவேளை, கடையில ஜோடியாத்தான் தருவேன்னு சொல்லிட்டாங்க."

எனக்காக யாரோ மலை ஏறியிருக்கிறார்கள் என்பதில் மனசு நிறைந்துபோனது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து பிளம் கேக் கொடுத்தேன்.

கடைசியில் வந்தவர்தான் எங்கள் சபையைச் சேர்ந்த அக்கா. ஓய்வுபெற்ற நர்ஸ், என்னைவிடச் சில வருடம் மூத்தவர். எதையும் பாதியில் விடாதவர். ஒரு மலைமேல் தியான இல்லத்தில் போய் மௌனமாக இருந்துவிட்டு வந்தவர், இறங்கியதிலிருந்து அந்த மௌனத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"மாடி மாடியா இருக்கும்மா அது. முதல்ல வெளிச் சத்தம் அடங்கும். அதுக்கு மேல போனா உள்ள பேசிக்கிட்டே இருக்கில்ல மனசு, அது அடங்கும். இன்னும் மேல போனா நான்ங்கிறதே லேசாயிடும்."

"அதுக்கும் மேல?"

"அதுக்கு மேல போனவங்க கீழ வந்து பேசமாட்டாங்க."

அப்படியானால் அக்கா எந்த மாடியில் நின்றார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உள் சத்தம் அடங்கும் என்றாரே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கிழக்குத் தாம்பரத்தில் தன் வீட்டில் மௌன ஜெபம் ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னார். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

எங்கள் ஜனங்களின் வீட்டுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆரம்ப ஜெபம் உண்டு. பாட்டு, வேத வாசிப்பு, அதன்மேல் ஒரு தியானம். தியானம் என்றால் எங்கள் ஊரில் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவது. கடைசியில் முடிவு ஜெபம். இதை யார் செய்வது என்று கூட்டம் நடத்துகிறவர் வாசலிலேயே ஒருவரிடம் சொல்லிவைத்துவிடுவார். அந்த ஒருவர் ஜெபித்து, எல்லோரும் ஆமென் சொன்னால்தான் கூட்டம் முடிந்ததாக அர்த்தம். வீடே பற்றி எரிந்தாலும் முடிவு ஜெபத்துக்கு முன் எழுந்திருக்கிற வழக்கம் இல்லை. பிறகு சமோசா.

அக்கா பாட்டை எடுத்துவிட்டார், வாசிப்பை எடுத்துவிட்டார், பேச்சை எடுத்துவிட்டார். முடிவு ஜெபத்தில் கைவைக்க அவருக்கே தைரியம் வரவில்லை. போதகரிடம் அனுமதி கேட்கப் போனபோது, "மௌனமாவே இருங்க, முடிவு ஜெபம் உண்டுதானே?" என்று மட்டும் கேட்டாராம். மணி அடித்து முடிப்பதும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் மாதிரி இருக்குமாம். ஆகவே ஏற்பாடு இதுதான்: ஆரம்பத்தில் ஒரு வரி ஜெபம். பிறகு எல்லோரும் கண்ணை மூடி மௌனம். முடிவு ஜெபம் யாருக்கோ, அவர் சுமார் அரைமணி ஆனதும் வாய் திறக்கவேண்டும். அதுவரை யாரும் அசையக்கூடாது.

நாங்கள் வழக்கமாகக் கூடியது ஐந்து பேர். அக்கா, நான், ஓய்வுபெற்ற ஹெச்.எம். சார், ஐ.டி.யில் வேலை பார்க்கிற ஒரு இளம் தம்பதி. முதல் வாரம் முடிவு ஜெபத்தை ஹெச்.எம். சாருக்குக் கொடுத்தார்கள். மௌனம் தொடங்கி ஐந்து நிமிஷத்துக்குள் வாயைத் திறந்துவிட்டார். பிறகு தேசத்துக்காகவும், மழைக்காகவும், ரயில்வே மேம்பாலத்துக்காகவும் ஜெபித்து அரைமணியை அவரே நிரப்பினார்.

எனக்கு முதல் சில வாரங்கள் சித்திரவதையாக இருந்தன. அக்கா ஃபேனை அணைத்துவிடுவார். கண்ணை மூடியதும் குக்கர் கூடம் முழுக்கச் சீறும். பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, நில்லு, நில்லு, வாயை மூடு என்று மனசுக்குள் அதட்டிப் பார்த்தேன். அதட்ட அதட்ட ஏறியது. கண்ணைத் திறந்தால் மற்றவர்கள் முகமெல்லாம் வெண்ணெய் தடவினதுபோல் சாந்தமாக இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெளிச்சம் ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று சமோசாத் தட்டை நீட்டிக்கொண்டு அக்கா கேட்பார்.

"டியூப்லைட் தெரிஞ்சுதுக்கா."

வெளியே ஸ்கூட்டரோடு காத்திருக்கும் என் கணவர், நான் ஏறி உட்கார்ந்ததும் கேட்பார். "இன்னைக்கு எத்தனாவது மாடி?"

"லிஃப்ட் ரிப்பேர்."

வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். ஆனால் வீடு வந்து, அவர் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு ஃபேனைப் போடும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். வாழ்நாள் முழுக்க இந்த மனிதர் குல்லாவோடுதான் தூங்கவேண்டுமா?

எனக்கு வழி கிடைத்தது அக்கா வீட்டில் இல்லை, பள்ளிக்கூடத்தில். ஒரு பிற்பகல், ஆசிரியர் வராத பீரியடில் என்னைப் போட்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் வரும்போதே ஒன்பதாம் வகுப்பு கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல வாசலில் போய் நின்றேன். சத்தம் போடுகிற வகுப்பை அடக்க நான் ஒரு நாளும் கத்தியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கத்திப் பார்த்து, தொண்டைதான் போகும் என்று தெரிந்துகொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். கோபமாக இல்லை, அவர்கள் எப்படித்தான் இருக்கிறார்கள் பார்ப்போம் என்று. யார் எதைப் பேசுகிறார்கள், எந்த மூலையில் சிரிப்பு, எந்தப் பெஞ்சில் சண்டை என்று நிஜமான ஆவலோடு பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே அடங்குவார்கள். சில நாள் அடங்கவும் மாட்டார்கள். அன்றைக்கும் நான் நின்றுகொண்டுதான் இருப்பேன், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த வாசலில் நிற்கும்போது சுரீர் என்றது. ஐம்பது பிள்ளைகளிடம் கத்தாத நான், ஒரே ஒரு குக்கரிடம் மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேனே!

அடுத்த சனிக்கிழமை குக்கர் வந்ததும், அதட்டாமல், வகுப்பு வாசலில் நிற்கிற மாதிரி நின்று பார்த்தேன். ஒரே சத்தம் என்று நினைத்திருந்தது அப்படி இல்லை. மேலே மெல்லிய கம்பிபோல ஒன்று, அடியில் காற்று போகிறதுபோல ஒன்று. சில சமயம் இடது பக்கம், சில சமயம் நடுவில். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் நான் இதன் முகத்தையே பார்த்ததில்லை. அது அடங்கவில்லை. ஆனால் பல்லைக் கடிப்பது எனக்கு நின்றுவிட்டது. அன்று ஸ்கூட்டரில் ஏறியதும், "லிஃப்ட்காரர் வந்து பார்த்துட்டுப் போயிருக்கார்" என்றேன். அவர் சந்தோஷத்தில் ரோட்டு மேட்டைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டார்.

இப்படிச் சில வாரங்கள் போயின. டிசம்பர் வந்தது. ஒரு சனிக்கிழமை, அக்கா வீட்டு கேட்டில் நான் இறங்கும்போதே அவர் வாசலில் நின்று சொன்னார். "இன்னைக்கு முடிவு ஜெபம் நீதாம்மா."

"சரிக்கா" என்றேன். என் கணவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே, "அப்போ சீக்கிரம் முடிச்சிடு, பசிக்கும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு சிநேகிதரைப் பார்க்கப் போனார்.

உட்கார்ந்து கண்ணை மூடினேன். குக்கர் வந்தது. வா என்றேன். வாசலில் நின்றேன். மேலே ஒரு விமானம் மீனம்பாக்கம் பக்கமாக இறங்கியது. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயிலின் ஹாரன். ஹெச்.எம். சாரின் மூச்சு. குக்கர். எல்லாம் ஒரே கூடத்தில் இருந்தன. விமானத்தோடு எனக்குச் சண்டை இல்லை, மிக்ஸியோடு சண்டை இல்லை. குக்கருக்கு மட்டும் ஏன் 'என்னுடையது' என்று பெயர் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன் என்று ஒரு கேள்வி வந்தது. கேள்வி என்று ஒன்று வந்தால் விடையைக் கண்டுபிடித்து அடிக்கோடு போடாமல் விடுகிற ஆள் இல்லை நான். அன்று தேடப் போகவில்லை. கேள்வி அப்படியே நின்றது. பிறகு கேள்வியும் இல்லை.

அதற்குப் பிறகு இருந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை சரியாக வராது. தூக்கம் இல்லை, ஒவ்வொரு சத்தமும் கேட்டது. ஆனால் கேட்டது நாற்காலியில் இருந்த டீச்சர் என்று சொல்லமுடியாது. அந்தக் கூடமே கேட்டுக்கொண்டிருந்தது என்றால் கொஞ்சம் கிட்டே வரும். எதையும் யாரும் துரத்தவில்லை. எதுவும் யாரையும் துரத்தவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் என் பால்கனியில்கூட இருந்ததில்லை.

எப்போதோ கண்ணைத் திறந்தேன். கூடம் மங்கலாக இருந்தது. யாரும் லைட் போட்டிருக்கவில்லை. நான்கு பேரும் தலை குனிந்து, கண்ணை மூடி, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஹெச்.எம். சாரிடமிருந்துகூட ஒரு சத்தமும் இல்லை. ஆகா, இன்று எல்லோரும் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இவர்களைக் கலைக்கிற பாவம் நமக்கு வேண்டாம் என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நான்கு பேரும் என்ன பாடுபட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹெச்.எம். சாருக்கு ஒரு கால் மரத்துப்போய், மரத்த கால் வலிக்க ஆரம்பித்து, வலியும் மரத்துவிட்டதாம். ஐ.டி. பையனுக்கு ஆபீஸிலிருந்து போன் பாக்கெட்டில் துடித்துத் துடித்து நின்றிருக்கிறது. எடுக்கக் கையை நகர்த்தினபோது மனைவி கிள்ளிவிட்டாள். அக்கா நிலைமைதான் மோசம். நான் ஏதோ கடைசி மாடிக்குப் போய்விட்டேன், கீழே வந்து பேசப்போவதில்லை என்று முடிவு கட்டி, என் கணவருக்கு என்ன பதில் சொல்வது என்று ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாராம். நான்கு பேருக்கும் முடிவு ஜெபம் என்னுடையது என்று தெரியும். நான்கு பேரும் காத்திருந்தார்கள். எழுந்து போக ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு ஹெல்மெட் வந்து நின்றிருக்கிறது. அதற்குள்ளிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"ஏம்மா, இன்னைக்கு முடிவு ஜெபம் நீதானே?"

தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் எட்டுக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஐயோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, என் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபத்தைச் சொன்னேன். "ஆண்டவரே, நன்றி, மன்னிச்சிடுங்க, ஆமென்."

"ஆமென்!" என்று நான்கு பேரும் போட்ட சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். முதலில் சிரித்தது ஐ.டி. பையன். பிறகு எல்லோரும். ஹெச்.எம். சார் சிரித்துக்கொண்டே எழுந்து, கால் ஊன்றாமல் திரும்ப சோபாவில் விழுந்து, விழுந்தபடியே சிரித்தார்.

அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா பார்த்தே? என்ன இருந்துச்சு அங்க?"

"ஒண்ணும் பாக்கலக்கா. மறந்துட்டேன்."

"எதை?"

"முடிவு ஜெபத்தை. அப்புறம்..." என்று இழுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. "குக்கரையும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். சமோசா ஆறி அட்டையாகிவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்து அவ்வளவு சீக்கிரம் காலியான தட்டு அதுதான்.

திரும்பும் வழியில் என் கணவர் மாடியைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் வந்தது அங்கேயே நின்றுவிட்டால்? ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி உள்தெருவில் சத்தம் குறைந்ததும் குக்கர் மெல்லத் தலைகாட்டியது. கலக்கமாகத்தான் இருந்தது. அன்றும் ஃபேன் முழுவேகத்தில் ஓடியது. அவர் குல்லாவோடு தூங்கினார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்கு நேரம் இருந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். ஏரிமேல் பனி புகை மாதிரி கிடந்தது. குக்கர் எனக்கு முன்பாகவே வந்து இடம் பிடித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வாசலில் நிற்கிற மாதிரி அதைப் பார்த்தேன். நாமக்கோழி ஒன்று குரல் கொடுத்தது. அடுத்த தெருவில் பால் வண்டி. எங்கேயோ ஒரு பாத்திரம் விழுந்தது. குக்கர். மறுபடி நாமக்கோழி. எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. டீயின் ருசி தெரிந்து எத்தனை மாதம் ஆகிறது!

பின்னால் தரையில் ஒயர் உரசுகிற சத்தம். குல்லா போட்ட தலையோடு, டேபிள் ஃபேனை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். குனிந்து ஃபேனைத் தரையில் வைத்து, சுவிட்சைத் தட்டினார். ஃபேன் இரைந்தது. ஏரி வாயை மூடிக்கொண்டது.

"ஏங்க, அதை நிறுத்துங்க."

"சத்தம் போயிடுச்சா?"

"இருக்கு."

"அப்புறம்?"

"இருக்கட்டும்."

சுவிட்சை அணைத்தார். இறக்கை சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. உள்ளே போய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நாமக்கோழி குரல் அவருக்கும் கேட்டிருக்கவேண்டும். அந்தப் பக்கம் திரும்பினார்.

"எத்தனாவது மாடி?" என்றார் மெதுவாக.

"மூணாவது மாடி. நம்ம வீடு."

அவர் மங்கி குல்லாவைக் கழற்றி, நான்காக மடித்து, பனியன் பையில் வைத்துக்கொண்டார்.